50,000 ரூபாய்க்குள் ரோடு சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். வேலை சென்னையில். உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. இரண்டு வருடமாக எம்டிபி சைக்கிளில் (தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்) வார இறுதிகளில் ஈசிஆர் பக்கம் 40, 50 கி.மீ. போய் வருகிறீர்கள். கூட வருகிறவர்கள் எல்லாம் ரோடு சைக்கிளுக்கு மாறிவிட்டதால் கோவளம் தாண்டியதும் உங்களைக் கழற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த வருடத்துக்குள் ஒரு 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) முடிக்க வேண்டும், ஒரு தடவையாவது ஏற்காடு ஏற வேண்டும். கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. பழையது வேண்டாம், புதிதுதான். டிஸ்க் பிரேக்கா, சாதாரண பிரேக்கா? எந்த பிராண்டு? ஆன்லைனில் 18,000-க்கு 21 கியர், டிஸ்க் பிரேக்கோடு ஒன்று கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும் என்பதால் ரோடு சைக்கிள் என்றே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. உங்களிடம் 50,000 இருக்கிறது என்றால் சைக்கிளுக்கு இருப்பது 42,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். ஹெல்மெட், முன்பின் விளக்குகள், இரண்டு ஸ்பேர் டியூப், டயர் லீவர், சட்டைப் பையில் போகிற சின்ன பம்ப், வீட்டில் வைக்க மீட்டர் உள்ள பெரிய பம்ப், தண்ணீர் பாட்டில் மாட்டும் கேஜ், பேட் வைத்த ஷார்ட்ஸ். ஒவ்வொன்றிலும் நடுத்தர விலையில் எடுத்தாலே எட்டாயிரம் பறந்துவிடும். சைக்கிளுக்கே முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, பம்ப் வாங்கக் காசில்லாமல் 40 பிஎஸ்ஐ காற்றில் ஓட்டி, பள்ளத்தில் இறங்கி டியூபைக் கடித்துக்கொண்டு நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முன்பு ஒட்டிய விலைச் சீட்டோடு நிற்கும் வண்டியைக் காட்டினால், புது வரிக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் முக்கியம். ஃப்ரேமின் அளவு.

எனக்கும் உங்கள் உயரம்தான். முதல் ரோடு சைக்கிள் வாங்கியபோது கடையில் என் அளவு இல்லை. '56 சைஸ் இருக்கு சார், சீட்டைக் கொஞ்சம் இறக்கி, ஸ்டெம்மை மாத்திட்டா உங்களுக்குத் தைச்ச மாதிரி இருக்கும்' என்றார்கள். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு சேர்க்கும் குட்டிக் குழாய். 2,000 ரூபாய் தள்ளுபடி வேறு. விழுந்துவிட்டேன். 30 கி.மீ. வரை ஒன்றும் தெரியவில்லை. 50 தாண்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், கழுத்து இறுகும். ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். 110 மி.மீ. ஸ்டெம்மை எடுத்துவிட்டு 70 போட்டேன். கை வலி பாதி குறைந்தது, ஆனால் ஹேண்டில் படபடவென்று திரும்ப ஆரம்பித்தது. லாரி பக்கத்தில் கடந்தால் உயிர் போய் வரும். ஒன்றேகால் வருடத்தில் பாதி விலைக்கு விற்றேன். 2,000 மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடப் பத்து மடங்கு போனது.

சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஃப்ரேமின் நீளத்தை மாற்ற முடியாது. ஆகவே வீட்டிலேயே அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில், சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உங்கள் கால் அளவு. 78 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். அதை 0.883 ஆல் பெருக்கினால் 68.9. பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் குத்துமதிப்பாக இதுதான். டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரோடு பரவிய பழைய கணக்கு இது. ஆரம்பிக்க நல்ல இடம்; அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஃப்ரேமில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே அச்சிலிருந்து அது எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். 168 செ.மீ. உயரத்துக்கு 370 முதல் 380 மி.மீ. ரீச்சுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒத்துவரும். 52, எஸ், எம் என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் எம் ஆக இருக்கும். சட்டை அளவு மாதிரிதான். இந்த இரண்டு எண்களும் மாடலின் இணையப் பக்கத்தில் அட்டவணையாக இருக்கும். அந்த அட்டவணையே இல்லாத சைக்கிளை நான் வாங்க மாட்டேன். ஸ்டாக் அதிகமாக உள்ளதை எடுங்கள். முதுகு கொஞ்சம் நிமிர்ந்து இருக்கும், நெடுந்தூரத்துக்கு அதுதான் சுகம். ரேஸ் ஓட்டப் போவதில்லையே.

அளவு சரி என்றால் அடுத்து கியர். இங்கேதான் காசு கரைகிற இடமும் ஏமாறுகிற இடமும்.

இந்த விலையில் பெரும்பாலும் ஷிமானோ என்ற ஜப்பானியக் கம்பெனியின் கியர் சாமான்கள்தான் கண்ணில் படும். கீழிருந்து மேலே டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று படிகள். பின்னால் உள்ள பல்சக்கரங்கள் டூர்னியில் 7, கிளாரிஸில் 8, சோராவில் 9. உங்கள் பணத்துக்குக் கிளாரிஸ் வரை எட்டப் பாருங்கள். தள்ளுபடியில் சோரா மாட்டினால் அதிர்ஷ்டம். டூர்னிக்கும் கிளாரிஸுக்கும் ஒரு பல்சக்கரம்தானே வித்தியாசம் என்று தோன்றும். வித்தியாசம் பல்சக்கரத்தில் இல்லை, கையில். கிளாரிஸ் லீவரில் பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் ஒரு திசையில் கியர் மாறும், அதன் பின்னால் இருக்கும் குட்டி லீவரைத் தள்ளினால் மறு திசையில். கை எங்கே இருந்தாலும் விரல் எட்டும். ரோடு சைக்கிளுக்கான டூர்னி லீவரில் ஒரு திசைக்குக் கட்டைவிரலால் அமுக்கும் பொத்தான். கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும்போது அந்தப் பொத்தானுக்குக் கை எட்டாது. எதிர்க்காற்றில் குனிந்து ஓட்டும்போதுதான் கியர் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது பார்த்து அது கைக்கு வராது. ஈசிஆரில் கடல்காற்று வாங்கியவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பின் சக்கரத்தையும் பாருங்கள். 7 கியர் சக்கரங்கள் பலவற்றில் பல்சக்கரக் கொத்து முழுவதும் மரையில் திருகி மாட்டியது, ஃப்ரீவீல் என்பார்கள். அதில் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் வலது நுனி தாங்கலில்லாமல் நிற்கும். குண்டும் குழியுமான ரோட்டில் நீங்களும் வண்டியுமாக 84 கிலோ ஏறி இறங்கினால் அச்சு வளையும், ஒடியவும் செய்யும். பல்சக்கரங்களைச் சக்கரத்தின் ஹப்பில் (நடுக்குடம்) செருகி மாட்டும் கேசட் வகையில் பேரிங் விளிம்புக்கே வந்துவிடுகிறது. அந்தப் பிரச்சினை இல்லை. கடைக்காரரிடம் 'இது ஃப்ரீவீலா, கேசட்டா?' என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இப்போது அந்த 18,000 ரூபாய் வண்டியின் கதை புரியும். 21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு. பெருக்கினால் 21. அதில் பல, ஒன்றையொன்று ஒத்த கியர்கள். ஓட்டும்போது தனித்தனியாகத் தெரியாது. கிளாரிஸில் முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, மொத்தம் 16 தான். ஆனால் உங்களுக்கு வேண்டிய இரு கடைசிகளும், ஏற்றத்துக்கான மிகச் சின்ன கியரும் வேகத்துக்கான மிகப் பெரிய கியரும், அதில் இருக்கும். 18,000-க்குள் டிஸ்க், 21 கியர் எல்லாம் கொடுக்க வேண்டுமென்றால் எங்காவது கை வைத்தாக வேண்டும். கனமான இரும்புக் குழாய், ஹேண்டிலின் நடுவில் வைத்த கியர் லீவர், பெயர் தெரியாத டிஸ்க் காலிபர், திருகு மரை ஃப்ரீவீல். வண்டி 14, 15 கிலோ வரும். பார்க்க ரோடு சைக்கிள். ஓட்டினால் இப்போது வைத்திருக்கும் எம்டிபிக்கு மெல்லிய டயர் போட்ட மாதிரி இருக்கும். எம்டிபிக்கே மெல்லிய டயர் போட்டுவிடலாமே, 18,000 எதற்கு?

ஏற்காடு ஆசைக்கு வருவோம். சேலத்து அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அங்கே உங்களைக் காப்பாற்றுவது வண்டியின் எடை இல்லை, மிகச் சின்ன கியர்தான். கணக்கே போட்டுக் காட்டுகிறேன். நீங்களும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 86 கிலோ. 7 சதவீத ஏற்றம். ஆரம்ப விலை மாடல் சிலவற்றில் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் 44 பல், பின்னால் பெரியது 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 3.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் மணிக்கு 12 கி.மீ.; அதற்குக் கிட்டத்தட்ட 220 வாட் மிதிக்க வேண்டும். வார இறுதிக்கு மட்டும் ஓட்டுகிறவர் பத்து நிமிடத்தில் இறங்கித் தள்ளுவார். அதுவே முன்னால் 34, பின்னால் 32 என்றால் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர், மணிக்கு 8 கி.மீ., சுமார் 145 வாட். மெதுவாகத்தான் போவீர்கள், ஆனால் இறங்காமல் போவீர்கள். அதே வண்டியில் மறுகோடியில் 50-க்கு 11. நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால் 50 கி.மீ. வேகத்தைத் தொடும். அதற்கு மேல் உங்களுக்கும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய வாசகம்: 'முன்னால் 50-34, பின்னால் 11-லிருந்து 32 அல்லது 34 இருக்கிறதா?' பின்னால் 28 தான் வருகிறது என்றால், கேசட்டை மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். 8 கியர் கேசட்டும் செயினும் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். பின் டிரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் சாமான்) பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கிளாரிஸில் நீளக் கை டிரெய்லர் இருந்தால் தாங்கும்.

எடையைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். இந்த விலையில் ரோடு சைக்கிள் பத்து, பதினொரு கிலோதான் இருக்கும். ஒன்றரை கிலோ குறைவான வண்டியில் ஏற்காடு ஏறினாலும், இரண்டரை மணி நேர ஏற்றத்தில் இரண்டு மூன்று நிமிடம்தான் மிச்சம். சமதளத்தில் அதுவும் இல்லை; 25 கி.மீ. வேகத்துக்கு மேல் எதிரி காற்றுதான். கார்பன் ஃப்ரேம் இந்தப் பணத்துக்குப் புதிதாக வராது. வருகிறது என்று யாராவது சொன்னால் தள்ளிப் போங்கள். அலுமினிய ஃப்ரேம், முன் ஃபோர்க் மட்டும் கார்பன் என்றால் நல்லது, கையில் அதிர்வு கொஞ்சம் குறையும். இரும்பு ஃபோர்க் என்றாலும் குறையில்லை.

பிரேக். என் கருத்தைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டிஸ்க் நல்லதுதான். மழையில், மலையிறக்கத்தில் மிக நல்லது. ஆனால் உங்கள் விலையில் கிடைப்பது கேபிள் இழுக்கும் டிஸ்க். ஆயில் பிரேக் எட்டாது. அந்தக் கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்க பேட் மட்டும் நகர்ந்து, டிஸ்க் தகட்டை மறுபக்கம் தள்ளிப் பிடிக்கும். அடிக்கடி திருகிச் சரிசெய்ய வேண்டும், சர் சர் என்று உரசும், அரை கிலோ எடை கூடும். டிஸ்க்கும் டூர்னியும் ஒரே விலையில், ரிம் பிரேக்கும் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் சாதாரண பிரேக்) கிளாரிஸும் அதே விலையில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். ரிம் பிரேக்கோடு வரும் ரப்பர் கட்டைகள் மட்டும் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். சில நூறு ரூபாய்க்கு நல்ல கட்டைகள் போட்டுவிட்டால் வேறு வண்டி மாதிரி நிற்கும். டிஸ்க்கும் கிளாரிஸும் சேர்ந்து 42,000-க்குள் மாட்டினால், சரி, அதையே எடுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

டயர். கடையில் 700-25 போட்டிருப்பார்கள், அதாவது 25 மி.மீ. அகலம். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். 28 நுழைந்தால் நம் ரோட்டுக்கு அதுதான். அடித்துக் கல்லாக்க வேண்டாம். 28 டயரில் உங்கள் எடைக்கு 75, 80 பிஎஸ்ஐ போதும். கரடுமுரடான ரோட்டில் அதிகக் காற்று வேகம் தராது, துள்ளத்தான் வைக்கும்.

வால்வைப் பற்றி ஒரு விஷயம், அனுபவப்பட்டுச் சொல்வது. ரோடு சைக்கிள் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. நம் பழைய சைக்கிளின் வால் டியூப் மாதிரியும் இல்லை, மோட்டார் சைக்கிள் மாதிரியும் இல்லை. அதன் தலையில் இருக்கும் குட்டி நட்டைத் தளர்த்தி, ஒரு தடவை அமுக்கி விட்டால்தான் காற்று உள்ளே போகும். மரக்காணம் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையில் நின்றபோது, கடைக்காரப் பெரியவர் கம்ப்ரெசர் முனையை வைத்து நாலு விதமாக அழுத்திப் பார்த்துவிட்டு, 'இது என்னப்பா, ஊசி மாதிரி இருக்கு' என்று சிரித்தார். பித்தளையில் ஒரு குட்டி அடாப்டர் இருக்கிறது, வால்வின் தலையில் திருகினால் மோட்டார் சைக்கிள் பம்ப் பிடித்துக்கொள்ளும். பத்து கிராம் கூட இருக்காது. இரண்டு வாங்கிப் பையில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று போட்டு வையுங்கள்.

பிராண்டு பெயர் கேட்டிருந்தீர்கள். டெக்கத்லானின் ட்ரைபன் வரிசை இந்த விலையில் பலருக்கு முதல் ரோடு சைக்கிளாக இருந்திருக்கிறது. அங்கே எல்லா அளவையும் ஏறி உட்கார்ந்து பார்க்க விடுவார்கள் என்பதற்காகவே முதலில் அங்கே போய்ப் பாருங்கள். மற்றபடி மாடல் பெயர் வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அதே பெயரில் சாமான் இறங்கியும் விடுகிறது. அட்டையில் 'கிளாரிஸ்' என்று போட்டிருக்கும், பின் டிரெய்லர் மட்டும் கிளாரிஸாக இருக்கும். லீவர்களைப் பாருங்கள், அதில்தான் விலை இருக்கிறது. கிராங்க் (பெடல் மாட்டும் கை) வேறு கம்பெனி என்றால் பரவாயில்லை, பிரேக் டெக்ட்ரோ கம்பெனி என்றால் நல்லதே. லீவரிலும் பின் ஹப்பிலும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிஆர்எம்முக்கு இந்த வண்டி போதுமா என்று தயங்க வேண்டாம். 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம் கொடுக்கிறார்கள். டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. கூட வேண்டாம். விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஜாக்கெட்டும் கட்டாயம் கேட்பார்கள். அதனால்தான் எட்டாயிரத்தை முதலிலேயே பிடித்து வைத்தேன்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் முக்கால்வாசி பூட்டிய வண்டி வரும். நீங்களே பூட்ட நினைத்தால், இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். ஃபோர்க்கை முன்பின் மாற்றி மாட்டி, முன் பிரேக் பின்பக்கம் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு வந்தவரை நானே சிக்னலில் நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். கடையில் வாங்கினால் இருநூறு முந்நூறு கி.மீ. ஓடியதும் முதல் சர்வீசுக்குக் கட்டாயம் விடுங்கள். புதுக் கேபிள் இளகும், ஸ்போக்குகள் உட்காரும், சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டியிருக்கும். ஈசிஆர் உப்புக்காற்றுக்கு, ஓட்டி வந்ததும் செயினைத் துணியால் துடைத்து, சைக்கிள் செயினுக்கான எண்ணெயை ஒரு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டவே வேண்டாம். மணலைப் பிடித்து அரைத்துவிடும்.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது கால் அளவை எழுதிய சீட்டும், ஓட்டும்போது போடுகிற ஷூவும் கையில் இருக்கட்டும். வண்டி வாசலில் நிற்கும்போது பின் சக்கரத்தைத் தூக்கி, எல்லாக் கியரையும் ஒரு சுற்று மாற்றச் சொல்லிப் பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஆடுகிறதா என்று கவனியுங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக் டொக் என்றால் தலைப் பேரிங் இளகியிருக்கிறது. சீட்டை 68.9-க்கு வைக்கச் சொல்லி, பிரேக் லீவரின் மேல்பகுதியைப் பிடித்துக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். முழங்கை லேசாக மடங்கி, தோள் காதுக்கு ஏறாமல் இருந்தால் அளவு சரி. கை விறைத்து நீண்டிருந்தால், எத்தனை தள்ளுபடி சொன்னாலும் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.